ஹௌகனும் புதூரும்

என் உமாவுக்கு,

மார்கரெட் அம்மாவின் ஹௌகன் கிடைத்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். வேறு எங்கேயாவது ஆரம்பித்தால், "சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாங்க" என்பாய்.

இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. அதை முறையாகச் சொல்ல வேண்டும் என்பதால் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். உன் பொறுமை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

இங்கே துபாயில், கராமாவில் நம் ஆட்கள் சேர்ந்து கொண்டுவரும் மலருக்கு, மறைந்த ஒருவருக்குக் கடிதம் எழுதித் தரும்படி கேட்டார்கள். யாருக்கு எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. நாலு பேர் படிக்கப் போவதால், உனக்குத் தெரிந்த கதையையே உன்னிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது புதிதா என்ன? கல்யாணமான நாளிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. வாடகையை ஏற்றியதும் எதிர் ஃபிளாட்காரர்கள் காலி செய்துகொண்டு ஷார்ஜா போய்விட்டார்கள். மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் எங்கே நிற்கும் என்று தினமும் தேட வேண்டியிருக்கிறது. நம் பெண் இனியா உன்னைவிட உயரமாகிவிட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் நீ உட்காரும் நாற்காலியை அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அந்த நாற்காலியில்தான் எல்லாம் தொடங்கியது. நீ செகரட்டரியாக இருந்த கன்சல்டன்சியில் கார்ல் சார் என்று ஓர் அமெரிக்க மேனேஜர். அவருடைய முன்னோர்கள் நார்வேயிலிருந்து கப்பலேறி அமெரிக்கா போனவர்கள். அவர்கள் விட்டுவந்த பண்ணை எது என்று அவர் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். தன் அப்பா வைத்துவிட்டுப் போன காகிதங்களை டைப் அடிக்கச் சொல்லி உன்னிடம் கொடுத்தார். டைப் அடித்துக் கொடுத்ததோடு நீ விட்டிருக்கலாம். விடுகிற ஆளா நீ?

அந்தக் காலத்து நார்வேக்காரர்களின் பெயரில் முதலில் சொந்தப் பெயர், அடுத்து அப்பா பெயர், கடைசியில் அவர்கள் இருக்கும் பண்ணையின் பெயர் வரும். வேறு பண்ணைக்குக் குடிபோனால் கடைசிப் பெயரும் மாறிவிடும். கார்ல் சார் அந்தக் கடைசிப் பெயரை வம்சப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பெயர் உள்ளவர்களை எல்லாம் சொந்தக்காரர்களாக நினைத்துத் துரத்திக்கொண்டிருந்தார். நீ சோறு வடித்துக்கொண்டே என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "இது நம்ம இனிஷியல் மாதிரிதாங்க. அப்பா பேரு, ஊர் பேரு. அமெரிக்கா போனதுக்கப்புறம் அதையே சர்நேம் ஆக்கிக்கிட்டாங்க. உங்க பாஸ்போர்ட்ல உங்கப்பா பேர சர்நேம்னு போட்டு, இங்க எல்லாரும் உங்கள உங்கப்பா பேரு சொல்லிக் கூப்பிடறாங்கள்ல, அதேதான்."

நார்வே அரசு தன் பழைய குடிக்கணக்கை இணையத்தில் போட்டிருந்தது. வீடு வீடாக யார் இருந்தார்கள், என்ன வயது, என்ன தொழில், எத்தனை மாடு என்று எல்லாம் அதில் உண்டு. பழைய வரைபடங்களும் கிடைத்தன. மொழி தெரியாமல் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்து, கார்ல் சாரின் பண்ணையை நீ காட்டிக் கொடுத்தாய். அவர் சும்மா இருக்காமல், தன்னைப் போலத் தேடுகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் உன்னைப் பற்றி எழுதிவிட்டார். அதற்கப்புறம் அமெரிக்காவின் மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் கிழவர்களும் கிழவிகளும் கராமாவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு மெயில் அனுப்பத் தொடங்கினார்கள். நம் வீட்டுச் சாம்பார் அதற்குப் பிறகு பல நாள் அடி பிடித்திருக்கிறது.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டிருக்கிறேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஹௌகன்னா மேடுன்னு அர்த்தம். நார்வே முழுக்க ஹௌகன் இருக்கு. எந்த ஹௌகன்னு தெரியாம இந்த மார்கரெட் அம்மா தவிக்குது. எனக்குத் தெரியாதா அந்தத் தவிப்பு?" என்றாய்.

உனக்குத் தெரியும்தான். உன் அப்பாவின் தாத்தா, ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பின்னால் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். நீ பிறந்தது அங்கே, கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தின் ஓர் அறையில். இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தப்படி சின்னப் பிள்ளையாகக் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமில் இறங்கி, கோத்தகிரியில் இன்னொரு தேயிலைத் தோட்டத்துக்குக் குடியேற்றப்பட்டாய். முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் பூர்வீகம் என்ற இடத்தில் "புதூர், திருச்சி ஜில்லா" என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான். பழைய திருச்சி ஜில்லாவில் புதூர் இல்லாத பக்கம் எது?

நம் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போனபோது, பெண் வீட்டார் பூர்வீகம் என்று உன் அப்பா அதையே போடச் சொன்னார். எங்கள் பெரியப்பா பத்திரிகையைக் கையில் வாங்கியதும், "எந்தப் புதூருங்க?" என்று கேட்டார். அவர் ஒன்றும் வம்புக்குக் கேட்கவில்லை. உன் அப்பா தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, "புதூர்தாங்க" என்றார். அந்தப் பக்கம் நின்றிருந்த உன் முகத்தை நான் பார்த்தேன்.

இங்கே துபாயில் தமிழ் பேசும் வாய் ஒன்று எதிரே வந்தால் முதல் கேள்வியே "எந்த ஊரு?"தான். காய்கறிக் கடையிலும் லிஃப்டிலும் பள்ளிக்கூட வாசலிலும் அதே கேள்வி. நான் பொள்ளாச்சி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். நீ கோத்தகிரி என்பாய். "அப்ப படுகருங்களா?" என்பார்கள். "இல்லீங்க." "பின்ன அதுக்கு முன்னாடி எந்த ஊரு?" அதற்கப்புறம் உன் சிரிப்பு ஒரு தினுசாக மாறும். எனக்குத் தெரிந்து நீ யாரிடமும் புதூர் என்று சொன்னதில்லை. ஏன் உமா?

வயிற்றில் கட்டி என்று கோயம்புத்தூருக்கு வைத்தியத்துக்குப் போனாய். உன்னுடன் வந்த நானும் இனியாவும் மட்டும் துபாய் திரும்பினோம். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று இருக்கிறேன். உனக்கும் அது பிடிக்காது.

திரும்பி வந்து சில மாதம் கழித்துத்தான் உன் மெயிலைத் திறந்து பார்க்கத் தைரியம் வந்தது. மார்கரெட் அம்மா மூன்று தடவை எழுதியிருந்தார். மினசோட்டாவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவருடைய கொள்ளுத்தாத்தா பெயர் ஊலே ஹன்சன் ஹௌகன். ஹௌகனில் இருந்த ஹன்ஸின் மகன் ஊலே. "அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு வயதாகிறது" என்று கடைசி மெயிலில் இருந்தது. நீ இல்லை என்று நாலு வரி எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எழுதினால் நீ இல்லை என்று ஆகிவிடும் போல இருந்தது. சரி, அந்தம்மாவுக்கு ஊரையாவது கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நீ விட்ட இடத்தைத் திறந்தேன்.

ஷிப்பிங் கம்பெனியில் கன்டெய்னர் தேடிக் களைத்த எனக்கு இது என்ன பெரிய வேலை என்ற நினைப்பு வேறு. நாலைந்து வெள்ளிக்கிழமை லீவு அதிலேயே போனது. நீ ஒரு வட்டாரம் வரைக்கும் சுருக்கி வைத்திருந்தாய். அந்த வட்டாரத்திலேயே மூன்று ஹௌகன். அதில் ஒன்று பெரிய பண்ணை, அங்கே பொருத்தமான வயதில் ஓர் ஊலேயும் இருந்தான். இப்போதைய புகைப்படம்கூடக் கிடைத்தது. வெள்ளை வீடு, சிவப்புக் களஞ்சியம், பின்னால் மலை. பார்த்ததும் முடிவு கட்டிவிட்டேன். மார்கரெட் அம்மாவுக்கு மெயிலும் அடித்தாகிவிட்டது, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

இனியா பின்னால் நின்று படித்தாள். "அப்பா, வீடு சூப்பரா இருக்குன்னுதானே எடுத்தீங்க?" என்றாள்.

"ஏன், எல்லாம் மேட்ச் ஆகுதே?"

"நெய்பர் யாரு? அம்மா ஃபர்ஸ்ட் அதைத்தான் கேப்பாங்க. பேரைத் தேடாதீங்க, பக்கத்து வீட்டைத் தேடுங்கன்னு அம்மா சொல்லுவாங்கள்ல?"

சொல்லுவாய். கணக்கெடுக்க வந்தவர் வீடு வீடாக நடந்து போனவர், அதனால் பட்டியலில் அடுத்தடுத்து இருப்பவர்கள் நிலத்திலும் அடுத்தடுத்து இருப்பார்கள் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். நான் பேப்பர் படித்துக்கொண்டு உம் கொட்டியிருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பெண் அதை மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறாள்.

ஊலேயின் மனைவி லியன் என்ற இடத்துப் பெண் என்று மார்கரெட் அம்மாவின் காகிதங்களில் இருந்தது. நடந்து போகும் தூரத்தில்தானே அந்தக் காலத்தில் பெண் எடுத்திருப்பார்கள்? வெள்ளை வீட்டு ஹௌகனைச் சுற்றி லியன் என்று ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து பட்டியலைப் படித்தோம். வேறொரு பெரிய பண்ணையின் கணக்கில், அடியில், லியன் இருந்தது. அதற்கு அடுத்த வீடு ஹௌகன், அங்கே ஹன்ஸும் அவர் மகன் ஊலேயும். அது பண்ணையே இல்லை. பண்ணையின் ஓரத்தில், யாருக்கும் வேண்டாத சரிவில், ஒரு குடிசையும் துண்டு நிலமும். அங்கே இருப்பவர் வாடகைக்குப் பதிலாகப் பண்ணைக்கு உழைத்துக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் நடையைக் கட்ட வேண்டும்.

எனக்கு அது புரிய நேரமாகவில்லை. பண்ணைக்காரர் இங்கே நமக்கு விசா கொடுக்கும் கஃபீல் மாதிரி, ஊலே அவர் விசாவில் இருந்தவர். வேலை இருக்கும்வரை அந்த இடத்தில் இருக்கலாம், அந்த இடத்தின் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். அப்படி இருந்துவிட்டுப் போன ஒருவரின் பெயரைத்தான் அமெரிக்காவில் ஒரு குடும்பமே தலைமுறை தலைமுறையாகச் சுமந்துகொண்டிருக்கிறது. உன்னிடம் சொன்னால் "இது இப்பத்தான் தெரியுதா?" என்று கேட்பாய்.

பழைய வரைபடத்தில் ஏரிக்கு மேலே பொடி எழுத்தில் அது இருந்தது. இப்போது அங்கே காடுதான். அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். அடுப்பு இருந்த இடத்தில் கல் குவியல் இருப்பதாகவும், வேட்டைக்குப் போகிறவர்கள் அந்த இடத்தை இன்னும் ஹௌகன் என்றே சொல்வதாகவும் பதில் போட்டார்.

எல்லாவற்றையும் மார்கரெட் அம்மாவுக்கு எழுதினேன். கடைசிப் பத்தியில் நீ இல்லை என்பதையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பெரிய வீடு ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தோம், பரவாயில்லை, கல் குவியல் போதும், கோடையில் என் மகன் என்னைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறான் என்று எழுதியிருந்தார். உனக்காக அவர்கள் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினாராம். அப்புறம் ஒரு வரி: "உமா எனக்காக இவ்வளவு தேடினாள். அவளுடைய பண்ணை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. எங்கே இருக்கிறது?"

அன்றைக்குத்தான் உமா, ஆஸ்பத்திரியில்கூட அழாத நான், இனியா முன்னால் வாய்விட்டு அழுதேன்.

என்ன பதில் எழுதுவது? புதூர் என்றா? எந்தப் புதூர் என்று அவர் கேட்க மாட்டார். ஆனால் நான் கேட்க வேண்டாமா?

உன் தம்பி ரவிக்குப் போன் போட்டேன். "சிலோன்ல உங்க லயத்துல பக்கத்துக் காம்பரா யாருடா?" என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு மச்சான் இப்ப அது?" என்றான். அப்புறம் உன் சித்தப்பாவிடம் கேட்டுச் சொன்னான். ஒரே சுவர் வைத்த அடுத்த அறையில் இருந்த குடும்பமும் இந்தியா வந்துவிட்டதாம், கூடலூர்ப் பக்கம் போய்விட்டார்களாம். அவர்களின் மூத்த மகன் பெருமாள் குவைத்தில் சமையல் வேலையில் இருக்கிறாராம். நாம் இத்தனை வருஷம் துபாயில் இருந்தோம். அவர் இதே கடல் ஓரத்தில், குவைத்தின் அப்பாசியாவில் ஒரு மெஸ்ஸில், பரோட்டா போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் முடிந்த பிறகு அவரைப் போனில் பிடித்தேன். யார் என்று சொன்னதும், "செல்லையா மாமா மக உமாவா? கப்பல்ல எங்கம்மா மடியிலதான் படுத்துக்கிட்டு வந்துச்சு அந்தப் புள்ள. நல்லாருக்கா தம்பி?" என்றார்.

சொன்னேன். பாத்திரம் கழுவும் சத்தத்தை விட்டு வெளியே வந்து, பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும்ணே. அவங்க பூர்வீகம் புதூர்னு இருக்கு. எந்தப் புதூர்னு உங்களுக்கு எதாச்சும் தெரியுமா?"

"எந்தப் புதூரா? ஓடைப்புதூர் தம்பி," என்றார், பக்கத்துத் தெருவைச் சொல்வது போல.

"எப்படிண்ணே தெரியும்?"

"தோட்டத்து மாரியம்மன் கோயில்ல திருவிழா நடக்கும்ல. பொங்கப்பானை ஏத்துறப்ப பூசாரி ஊர் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாரு. ஆள் பேரு சொல்ல மாட்டாரு. மொதப் பானை வேலம்பட்டி, அது நாங்க. ரெண்டாம் பானை ஓடைப்புதூர், அது உமா வீடு. ஏன்னா கங்காணி வேலம்பட்டிக்காரரு. அவரு ஊரு மொத, ஓடையத் தாண்டி வடக்கால இருக்கிற ஊரு ரெண்டாவது, அப்பிடியே வரிசையா. அந்த ஊரையெல்லாம் நாங்க யாரும் பாத்தது கெடையாது. பானை மட்டும் வரிசை மாறாது."

"இது உமாவோட அப்பாவுக்குத் தெரியலையேண்ணே."

"அவரும் தம்பியும் பொடியங்களா இருக்கயிலயே டவுன்ல கடைக்கு வேலைக்குப் போயிட்டாங்க. திருநா அன்னைக்குக் கடையில லீவு குடுப்பானா? பானை வச்ச அவங்கப்பாவும் சீக்கிரம் போய்ச் சேந்துட்டாரு. இங்க வந்தப்புறம் ஆளுக்கொரு தோட்டம்னு பிச்சுப் போட்டுட்டாய்ங்க. பானை வைக்கிறதும் நின்னு போச்சு. வேலம்பட்டி துறையூருக்கிட்டன்னு எங்கப்பா சொல்லுவாரு."

உமா, எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் பக்கத்து வீட்டைத் தேடு என்று சொன்ன உனக்கு, உன் லயத்தின் பக்கத்து வீடு நினைவுக்கே வரவில்லையா? வந்திருக்குமா? கேட்டு, அவர்களும் தெரியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் தேடுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று பயந்தாயா?

கம்ப்யூட்டரில் பூமியை மேலிருந்து பார்க்கிற படத்தில் துறையூரைச் சுற்றி இனியாவும் நானும் தேடினோம். வேலம்பட்டி இருந்தது. வடக்கே ஓடை, தண்ணீர் இல்லாமல் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதைத் தாண்டிக் கொஞ்சம் ஓடுகள், ஒரு குளம், ஒரு பெரிய மரத்தின் நிழல். எங்கள் ஆபீசுக்குச் சரக்கு ஏற்ற வருகிறவர்களில் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் இருக்கும் முருகேசன் துறையூர்ப் பக்கம்தான். அவரிடம் விசாரித்தேன். "ஓடைப்புதூரா சார்? எங்க அக்காவக் கட்டிக் குடுத்த ஊரு சார் அது. அங்க என்ன இருக்கு, சோளக்காடும் முள்ளுவேலியும்தான்" என்றார். அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன், சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கரெட் அம்மாவுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். இனியா அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. உன்னிடம் இதைச் சொல்லும் அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்லாமல் போய்விட்டதே. நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்ப்பாய். நம்ப மாட்டாய். "இன்னொரு தடவ செக் பண்ணுங்க" என்பாய். அப்புறம் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டு இருப்பாய். நான் பக்கத்தில் நின்றிருப்பேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியதில்லை.

ஜூலையில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நானும் இனியாவும் ஓடைப்புதூர் போகிறோம். அங்கே உன்னைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் வீடு எது என்று காட்ட ஆள் இருக்காது. இருந்தாலும் தெருவில் போகிற யாரையாவது நிறுத்தி, உங்க ஊர்ப் பொண்ணைத்தாங்க நான் கட்டியிருக்கேன், இது அவ மகள் என்று சொல்வேன். வெறுங்கையோடு போக மாட்டேன். வேட்டி கட்டி, தட்டில் பழமும் வெற்றிலையும் பூவும் வைத்து, பெண் எடுத்த ஊருக்கு எப்படிப் போக வேண்டுமோ அப்படித்தான் போவேன். கல்யாணம் ஆனதும் மறுவீட்டுக்குப் போகிற முறையை இத்தனை வருஷம் கழித்துச் செய்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
ஓடைப்புதூர் மாப்பிள்ளை,
சேகர்